நடந்தவர்களுக்குத்தான் ஓட்டு

பாப்பா,

நீ இதைப் படிக்கும்போது மலையை விட்டு இறங்கி, டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்திருப்பாய். ஐந்து நாள் சேர்ந்து கிடந்த மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்து போன் கத்தும். ஆபீஸ் சமாச்சாரத்தை அப்புறம் பார்த்துக்கொள். முதலில் இதைப் படி. உங்க அம்மா பக்கத்தில் இருந்தால் சத்தமாகவே படி. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. என்னோடு பழனிக்கு நடந்த செட்டுக்கும் இதை அப்படியே அனுப்பப் போகிறேன். ரிட்டயர் ஆன கண்டக்டர், டிரைவர் ஏழெட்டுப் பேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார்கள். படிக்கட்டும், அவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் மூன்று பேர் குரூப்பில் நீ ஓர் ஓட்டெடுப்பு போட்டாய். மூணாறு மலையில் ஐந்து நாள் நடந்து முடித்ததும் மூன்று நாள் எந்த ஊரில் ரெஸ்ட் எடுக்கலாம் என்று. கொச்சி, மைசூர், மதுரை. நீ கொச்சிக்குப் போட்டாய். அம்மா எதற்கும் போடவில்லை. நான் யோசிக்காமல் மதுரையைத் தொட்டுவிட்டேன். அடுத்த நிமிஷமே நீ எழுதினாய்: 'நீங்க வரலையேப்பா, ஒங்களுக்கு எதுக்கு ஓட்டு?' பக்கத்தில், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி. நீ விளையாட்டாகத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டுப் பாதியில் எழுந்துவிட்டேன். "என்னங்க, கொழம்பு நல்லால்லையா?" என்றாள் உங்க அம்மா. "உப்பு" என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது, எனக்குப் பொறாமை. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள். அறுபத்திரண்டு வயதில் கட்டின பெண்டாட்டி மேலும் பெற்ற பெண் மேலும் பொறாமைப்படுகிற ஆள் அறந்தாங்கியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இரண்டு மாதமாக இருக்கிறது இது. முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறூட்டி மூக்குத் துடைத்துவிட்டு, போன வருஷம் ரிட்டயர் ஆனவள் உங்க அம்மா. ரப்பர் செருப்பைத் தவிர வேறெதையும் அவள் காலில் நான் பார்த்ததில்லை. நீ பெங்களூரிலிருந்து ஒரு ஷூ அனுப்பினாய், ஊதா நிறம், ஓரத்தில் பச்சைக் கோடு. அதைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு தினமும் விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். திரும்பி வந்து, நான் கேட்காமலே, "இன்னைக்கு எட்டாயிரம் அடிங்க" என்பாள். முட்டி தேய்ந்துபோய் மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடி தேடுகிறவனிடம் சொல்கிற சேதியா இது? டீக்கடையில் ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். "என்னண்ணே, அண்ணி மலை ஏறப் போகுதாமே, நீங்க போகலையா?" "அதுக்கு வேற வேலை என்ன" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே இருப்பேன். அது ஏற்கெனவே ஆறிப்போயிருக்கும்.

புதன்கிழமை காலையில், ஏறுவதற்கு முன்னால் நீ ஒரு போட்டோ அனுப்பினாயே, அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. உங்க அம்மா பேன்ட் போட்டிருக்கிறாள். தலையில் தொப்பி, முதுகில் பை, இரண்டு கையிலும் கம்பு. பல் தெரியச் சிரிக்கிறாள். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற எந்தப் போட்டோவிலும் அவள் பல் தெரியச் சிரித்ததில்லை, நீ வேண்டுமானால் வந்து பார். கல்யாணப் போட்டோவிலும் இல்லை. அந்தப் போட்டோக்களில் எல்லாம் பக்கத்தில் நான் நிற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளை மதுரை பஸ் ஏற்றிவிடப் போனேன். மாவு ஆட்டி வைத்திருக்கிறேன், பொடி இடித்து வைத்திருக்கிறேன், மாத்திரை டிவி பெட்டிமேல் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு அதிலெல்லாம் காது போகவில்லை. "நடந்து முடிச்சுட்டு எந்த ஊர்லதான் தங்கப் போறீங்க?" என்று கேட்டேன். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நடந்து முடிச்சாத்தாங்க தெரியும்" என்றாள். அவள் வேண்டுமென்று சொன்னாளா, தெரியாமல் வந்த வார்த்தையா என்று எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் அது என் வார்த்தை. பதினேழு வருஷம் நான் அவளுக்குச் சொன்ன பதில். பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பழைய ஸ்டாஃப் என்பதால் டைம் கீப்பர் வந்து, "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று நாற்காலி போட்டார்.

நாங்கள் தைப்பூசத்துக்குப் பழனி நடந்த கதை உனக்குத் தெரியும். தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. டிப்போவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் மாலை போட்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். பொன்னமராவதி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஏழு நாள். நத்தம் தாண்டியதும் பேச்சு மாறும். அதுவரை முருகன் பாட்டு, அதற்கப்புறம் 'எந்த ஊர்' என்கிற பேச்சு. சாமி கும்பிட்டு முடித்ததும் நேரே வீட்டுக்கு வரமாட்டோம். ஒரு டவுனைப் பிடித்து, லாட்ஜ் போட்டு, இரண்டு நாள் படுத்துக் கிடப்போம். அதற்கு எங்களுக்குள் 'கால் ஆத்துறது' என்று பெயர். வீடுகளில் பூசக் கூட்டம், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வோம். பஸ்ஸே பிழைப்பாக இருக்கிறவனுக்கு பஸ் கிடைக்கவில்லையாம், அதையும் நீங்கள் நம்பினீர்கள். ஒட்டன்சத்திரத்துக்கு முந்தின மண்டபத்தில் கை தூக்கி ஓட்டெடுப்பு நடக்கும். கொடைக்கானலா, கோயம்புத்தூரா, மதுரையா. அதில் ஒரே ஒரு சட்டம், நடந்தவனுக்குத்தான் ஓட்டு. ஒரு வருஷம் டிரைவர் மாணிக்கத்தின் மச்சினன் வேலை இருக்கிறது என்று பின்னாலேயே பஸ்ஸில் வந்து மண்டபத்தில் சேர்ந்துகொண்டு கொடைக்கானலுக்குக் கை தூக்கினான். "எறக்குடா கைய, காலு வலிச்சவன்தான் ஊரைச் சொல்லணும்" என்று அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். அதனால் நீ கேட்டது சரி. எனக்கு எதற்கு ஓட்டு?

ஓட்டு இல்லாவிட்டாலும் புத்தி சொல்ல உரிமை உண்டு, அதை மட்டும் கேட்டுக்கொள். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போனவன் நான், ஆனால் ஊர் என்றால் எனக்கு பஸ் ஸ்டாண்டும் கட்டணக் கழிப்பறையும் பத்து நிமிஷ டீயும்தான். நான் நிஜமாகப் பார்த்த ஊர்கள் எல்லாம் கால் வலியோடு போய்ப் படுத்த ஊர்கள். நடந்து முடித்தவனுக்குப் பார்க்கிற ஊர் வேண்டாம், பாப்பா, படுக்கிற ஊர்தான் வேண்டும். கொச்சி என்கிறாய், படகு, கோட்டை, வலை என்று ஆசையாக லிஸ்ட் போடுகிறாய். முதல் நாள் உங்களால் அந்தப் படகில் ஏறக் காலைத் தூக்க முடியாது. மலை இறங்கிய அன்றைக்குக் கால் வீக்கம் தெரியாது, மறுநாள்தான் தெரியும். ரூம் தரையோடு இருக்க வேண்டும். வெந்நீர் வர வேண்டும், வரும் என்று போர்டு போட்டிருந்தால் போதாது, திறந்து பார்த்துவிட்டுப் பையை இறக்கு. இரண்டு கடை தள்ளி சுடச்சுட இட்லி கிடைக்க வேண்டும். அந்த ஊரில் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது. தெரிந்தவர் இருந்தால் வீட்டுக்கு வாங்க என்பார்கள், போனால் காபி கொடுப்பார்கள், உங்க அம்மா எழுந்து போய் அந்த டம்ளரைக் கழுவி வைப்பாள். மூன்று நாள் அவள் ஒரு டம்ளர்கூடக் கழுவக் கூடாது. இதெல்லாம் மதுரையில் கிடைக்கும் என்று சொல்ல வந்தேன். உண்மை அது இல்லை. மதுரை அறந்தாங்கியிலிருந்து மூன்றரை மணி நேரம். நீங்கள் அங்கே தங்கினால், ஒரு காரணமும் சொல்லாமல் நான் சும்மா வந்து எட்டிப் பார்க்கலாம். அதற்காகப் போட்ட ஓட்டு அது.

இனி அந்தத் தெரியாத பாதி. உனக்கு எட்டு வயது. அந்த வருஷம் நான் கிளம்புகிற அன்று, பச்சை வேட்டியை மடித்துக் கொடுத்துக்கொண்டே உங்க அம்மா கேட்டாள். "ஏங்க, பூசத்தன்னைக்கு நானும் பாப்பாவும் பஸ்ல வந்துரவா? ஒண்ணாச் சாமி கும்பிட்டுட்டு, ரெண்டு நாள் எங்கிட்டாச்சும் இருந்துட்டு வரலாம்." கல்யாணமாகி பத்து வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் "பார்ப்போம்" என்றேன். நம் வீட்டில் நான் 'பார்ப்போம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம், அது உனக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு தடவை அவள் அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டாள். நானும் நடந்த ஏழு நாளில் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷ ஓட்டில் கோயம்புத்தூர் ஜெயித்தது. பூசத்தன்று மத்தியானம் பழனி பஸ் ஸ்டாண்டில் இடித்துப் பிடித்துக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி, எனக்கு ஜன்னல் சீட்டே கிடைத்துவிட்டது. கூட்டத்தில் பஸ் நகர மாட்டேன் என்கிறது. நாலடி போகும், நிற்கும். அப்படி நின்ற இடத்தில், பூக்கடை ஓரமாக நீங்கள் இரண்டு பேரும் நின்றீர்கள். உங்க அம்மா அரக்குப் புடவையில், கையில் ஒயர் கூடையோடு. கூடைக்குள் தூக்குச் சட்டி, மேலே ஒரு துண்டு, துண்டுக்கு வெளியே நல்லெண்ணெய் பாட்டிலின் கழுத்து. என் காலுக்குத் தேய்க்கக் கொண்டு வந்த எண்ணெய். பச்சை வேட்டி கட்டிப் போகிற ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ ஒரு துணிப்பை மேல் உட்கார்ந்திருந்தாய். எனக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு பஸ் அகலம்கூட இல்லை.

பக்கத்தில் இருந்த மாணிக்கம்தான் முதலில் பார்த்தான். "டேய், அங்கிட்டுப் பாரு, ஒன் வீட்டுக்காரி மாதிரி இருக்குல்ல?" நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இல்லடா, வேற யாரோ" என்றேன். அந்த பஸ் கண்டக்டர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு, "யாராச்சும் எறங்கணுமா?" என்று கேட்டார். அவருக்கு என்ன, கூட்டத்தைக் குறைக்கக் கேட்கிறார். நான் எத்தனை ஆயிரம் பேருக்காக வண்டியை நிறுத்தியிருப்பேன், ஓடி வருகிற கிழவிக்கு, மறந்துவிட்ட குடைக்கு, ஆட்டுக்குட்டிக்குக்கூட. 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கினால் செட்டுக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எனக்கு அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது. டிக்கெட் டிக்கெட் என்று கத்தாமல், அப்பா என்று யாரும் இழுக்காமல், ஏங்க என்று யாரும் கூப்பிடாமல் இரண்டு நாள். விசில் கேட்டது, பஸ் போய்விட்டது. கோயம்புத்தூரில் நான் தூக்கம் வராமல் புரண்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். இல்லை. நன்றாகத் தூங்கினேன். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது உப்புப் போட்ட வெந்நீர் தயாராக இருந்தது. காலை வாளியில் வைத்துக்கொண்டு, தெருவில் யாரோ சொன்னதுபோல, "நீங்க பழனிக்கு வந்தீங்களாமே, நான் பாக்கவே இல்லையே" என்றேன். "கூட்டம்ங்க" என்றாள், அவ்வளவுதான். அவள் உள்ளே போனதும் நீ என் மடியில் வந்து உட்கார்ந்தாய். "அப்பா, பஸ்ல ஒருத்தர் ஒங்கள மாதிரியே இருந்தாருப்பா. நான் அம்மாட்ட காட்டுனேன். அது அப்பா இல்ல, வேற யாரோன்னு சொல்லிருச்சு" என்றாய். நான் உன் வாயில் பஞ்சாமிர்தத்தை வைத்தேன். உனக்கு இது ஞாபகம் இருக்காது. எனக்கு அந்த ஸ்பூன்கூட ஞாபகம் இருக்கிறது.

அவள் என்னைப் பார்த்தாளா, பார்க்காமல்தான் உன்னைச் சமாதானப்படுத்தினாளா? இருபத்து மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அதற்கப்புறமும் முட்டி போகும்வரை வருஷா வருஷம் நடந்தேன், வருஷா வருஷம் கால் ஆற்றினேன். கிளம்பும்போது 'எந்த ஊர்லங்க?' என்று அவள் வழக்கம்போலக் கேட்பாள், 'நடந்து முடிச்சாத்தான் தெரியும்' என்று நான் வழக்கம்போலச் சொல்வேன். 'நானும் வரவா' என்று மட்டும் அவள் திரும்பக் கேட்கவே இல்லை. இப்போது நீ கேட்டாய், 'அம்மா, நடக்க வாரியா?' என்று. நீ ஒரே ஒரு தடவைதான் கேட்டாய், அவள் உடனே சரி என்றாள். அப்போதுதான் எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டது. நான் கேட்டிருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள். அவளிடம் மூன்று ஊரைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லாதே. லிஸ்ட் கொடுத்தால் உனக்குப் பிடித்ததைத்தான் தொடுவாள், பழக்கம் அப்படி. லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'ஒனக்கு எங்க படுக்கணும்போல இருக்கு?' என்று கேள். பதில் வர நேரமாகும். அவளுக்கு அந்தக் கேள்வி புதிது. நீ நடுவில் எதையும் எடுத்துக் கொடுக்காமல் காத்திரு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தன் வந்து, நீ எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்' என்று சொன்னால், சரியா இல்லையா என்று அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடு. மதுரைக்குப் போட்ட என் ஓட்டையும் எடுத்துவிட்டேன், குரூப்பில் பார்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து தேனி, போடி, மூணாறு. நீ போட்ட பிளான் பேப்பரில் ஞாயிறு மத்தியானம் இறங்குவதாக இருக்கிறது. அதனால் நீ இதைப் படிக்கிற நேரத்தில் நான் மூணாறு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன். அதே ஒயர் கூடை இல்லை, அது எப்போதோ போய்விட்டது, வேறு ஒன்று வாங்கினேன். தூக்குச் சட்டி அதேதான். புளிச்சோறு நானே கிளறப் போகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே உப்பு கூடிப்போகலாம். நல்லெண்ணெய் பாட்டிலும் இருக்கும்.

உங்க அம்மா எந்த ஊரைச் சொல்கிறாளோ அந்த ஊர் பஸ்ஸில் ஏறுங்கள். உட்கார்ந்ததும் அவள் தன் பையைப் பக்கத்துச் சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் நான் ஏறிக்கொள்கிறேன். பை சீட்டிலேயே இருந்தால், கூடையை ஜன்னல் வழியாக உன்னிடம் கொடுத்துவிட்டுக் கீழேயே நிற்கிறேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு 'யாராச்சும் ஏறணுமா?' என்று கேட்பார். நீ பாவம் பார்த்து வாயைத் திறக்காதே. அதையும் மீறி நீ என்னைக் கைகாட்டி, அவள் எட்டிப் பார்த்துவிட்டு, 'அது அப்பா இல்ல, வேற யாரோ' என்றால், சரிம்மா என்று சொல்லிவிட்டு அவளோடு போ.

அப்பா